நாலு மூலை எலும்பு

அவர் யாருடைய கண்ணையும் பார்த்துப் பேசியதில்லை. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, கன்னத்தின் மேட்டைப் பார்த்துத்தான் பேசுவார். புதிதாகப் பேசுகிறவர்களுக்குத் தங்கள் முகத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தோன்றிவிடும், துடைத்துக்கொள்வார்கள். டீக்கடையில் அப்படித் துடைத்துக்கொண்டவர்களை ஒரு நாள் காலையில் எண்ணினேன். ஏழு பேர்.

மரக்காணத்தில் அவருக்கு எலும்புக்காரர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. சொல்ல வாய் வரவில்லை. புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரியில், பிணத்தை அறுத்துப் பாடம் நடத்தும் கூடத்தில் முப்பத்தொரு வருடம் கடைநிலை ஊழியராக இருந்தவர். பிணத்தை மேசையில் ஏற்றுவது, இறக்குவது, எலும்புகளைச் சுத்தம் செய்து வெயிலில் உலர்த்தி அலமாரியில் அடுக்குவது, இவைதாம் வேலை. வருடா வருடம் அதே பாடத்தை மூலையில் நின்று கேட்டுக் கேட்டு, படித்த பிள்ளைகள் பரீட்சையோடு மறந்துபோனதை எல்லாம் இவர் மறக்காமல் வைத்திருந்தார். உடம்பில் இருநூற்றாறு எலும்பு. அவருக்குப் பிடித்தது அதில் ஒன்றுதான், கன்ன எலும்பு.

நான் உப்பளத்துக் கிடங்கில் மூட்டை எண்ணும் எழுத்தராக இருபத்தொன்பது வருடம் இருந்தவன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். எண்ணுவதிலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. என் வீட்டு வாசலிலிருந்து அவர் வீட்டு வாசலுக்கு இருநூற்றுப் பதினான்கு அடி. மனைவி போன பிறகு அந்த இருநூற்றுப் பதினான்கு அடியை ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது நடந்தேன்.

எங்களைச் சேர்த்து வைத்ததே ஓர் எண்ணிக்கைதான். பழைய மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றில், பஞ்சுக்கு நடுவில், ஓர் இடது கன்ன எலும்பை வைத்திருந்தார். நொறுங்கிப்போன மண்டையோடு ஒன்றை எரிக்கச் சொன்னார்களாம். இது மட்டும் முழுசாகக் கழன்று வந்ததால் எடுத்து வைத்துக்கொண்டாராம். என் உள்ளங்கையில் வைத்தார். தேங்காய்ச் சில்லு மாதிரி இருந்தது. ஆனால் தேங்காய்ச் சில்லைவிட லேசு.

"டாக்டருங்க இத முக்காலின்னு சொல்லுவாங்க சார். மூணு கால்ல நிக்குதாம். நீங்க எண்ற ஆளாச்சே, எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினேன். மேலே புருவத்தை நோக்கி ஒரு மூலை. முன்னால் மேல்தாடையில் உட்காரும் மூலை. பின்னால் காதை நோக்கிப் பாலம் போல நீளும் மூலை. திருப்பிப் பார்த்தால், கண்குழிக்குள்ளே போய் ஒட்டும் இன்னொன்று.

"நாலு," என்றேன்.

"நாலுதான். உள்ளாற கீற ஒண்ண அவங்க கணக்குல சேக்கறதில்ல. முப்பத்தோரு வருசத்துல எங்கிட்ட யாரும் நாலுன்னு சொன்னதில்ல சார்."

அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மை. அறுபத்தைந்து வயதில் எனக்கு ஒரு சிநேகிதர் கிடைத்தார்.

அந்த எலும்பின் முகப்பில் ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் இருந்தன. சிலருக்கு ஒன்றாம், சிலருக்கு இரண்டாம், சிலருக்கு ஒன்றுமே இராதாம். அந்தத் துளை வழியாகத்தான் நரம்பு வெளியே வந்து கன்னத்துத் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கிறது என்பார். சிரிக்கும்போது உதட்டோரத்தை மேலே இழுக்கிற சதை தொடங்குவது இந்த எலும்பில்தான் என்பார். "சிரிப்பு வாய்லேர்ந்து வர்றதில்ல சார், இங்கேர்ந்து வருது." சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தட்டுவார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு.

டீக்கடையில் அவரைச் சீண்டாத ஆள் கிடையாது. உப்பு மூட்டை தூக்கும் ஒருவன் ஒரு நாள் கேட்டான்.

"இன்னா எலும்பு, எம் மூஞ்சியையே பாக்கற? லாட்டரி நம்பர் ஏதாச்சும் எழுதியிருக்குதா?"

"இடது பக்கம் பல்லு போய் எத்தினி வருசமாவுது?"

அவன் வடையை மெல்வதை நிறுத்தினான். "யார் சொன்னது? எங்க வூட்ல வந்து கேட்டியா?"

"வலது பக்கமாவே மெல்லற. கடிக்கற சதை இந்த எலும்போட அடியப் புடிச்சிக்கினுதான் தொங்குது. வேல செய்யற பக்கம் பொடச்சிக்கினு இருக்கும். உன் இடது பக்கம் சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்குது."

"எங்க மேஸ்திரி மாதிரின்னு சொல்லு," என்றான் அவன். கடையே சிரித்தது. எலும்புக்காரர் டீயைக் குடித்தார்.

உப்பளத்தில் வரப்பு வழுக்கி விழுகிறவர்கள், மூட்டை சரிந்து முகத்தில் அடிபட்டவர்கள், படகு ஓரத்தில் மோதிக்கொண்ட மீனவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவரிடம் வருவார்கள். அவர் மருந்து கொடுப்பதில்லை, கட்டுப் போடுவதில்லை. எலும்பு உடைந்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்வார். உடைந்திருந்தால் பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்கு அனுப்பிவிடுவார். அதற்கு அவரிடம் நான்கு சோதனைகள் இருந்தன. எனக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

முதலாவது, ஆளை உட்காரவைத்துப் பின்னால் நின்று, நெற்றிக்கு மேலிருந்து இரண்டு கன்னமேட்டையும் குனிந்து பார்ப்பது. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் தெரிந்துவிடும். அடுத்தது, கட்டைவிரலைக் கண்குழியின் கீழ்விளிம்பிலும் காதுவரை போகும் பாலத்திலும் மெதுவாக ஓட்டுவது. விரலுக்குப் படி மாதிரி ஒன்று தட்டுப்பட்டால் உடைசல். பிறகு வாயைத் திறக்கச் சொல்வார். பாலம் உள்வாங்கியிருந்தால் தாடை அதில் இடித்து வாய் முழுசாகத் திறக்காது. கடைசியில் கண்ணை மூடச் சொல்லி, தோள் துண்டின் நுனியை முறுக்கி, கண்ணுக்குக் கீழே, மூக்கோரத்தில், மேலுதட்டில் லேசாகத் தொட்டு, "தெரியுதா?" என்பார். எலும்பு உடையும்போது கண்ணுக்குக் கீழே ஓடும் நரம்பும் நசுங்கும். நசுங்கினால் அந்த மூன்று இடமும் மரத்துப்போகும்.

"வீக்கம் ஏறிடுச்சின்னா மொத மூணையும் நம்பக்கூடாது சார். வீக்கம் பள்ளத்த மூடிடும், படிய மறைச்சிடும், வலியில வாயும் தெறக்காது. நாலாவதுதான் ஏமாத்தாது."

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு முறை அல்ல. ஐந்து முறையாவது இருக்கும்.

சுனாமி வந்த மார்கழியில் அவரைக் கடற்கரைக் குப்பம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். மூன்றாம் நாள் கரை ஒதுங்கிய உடல் ஒன்று. முகம் முகமாக இல்லை. அந்தப் பெண், இது தன் புருஷன் இல்லை, அவர் எங்கேயோ உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒரே பிடியாய் நின்றாள். ஆனால் சில வருடங்களுக்கு முன்னால் அவள் புருஷனுக்குப் படகுப் பலகை அடித்து வலது கன்ன எலும்பு உடைந்ததையும், எலும்புக்காரர் அவனைப் புதுச்சேரிக்கு அனுப்பியதையும் ஊரே அறியும். உடைந்து சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு மேடு இருக்கும். அது சாகிறவரை மாறாது.

அந்தப் பெண் அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணா, அவுரு இல்லன்னு சொல்லிடுங்கண்ணா. ஒரே ஒரு வார்த்த சொல்லிடுங்க."

அவர் குனிந்து கட்டைவிரலை வைத்தார். எடுத்தார். "அவர்தாம்மா," என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் கையைக் கழுவினார். மறுபடி கழுவினார். பதினோரு முறை. அதன்பிறகு எனக்கு அவர் வார்த்தைமேல் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. காலைப் பிடித்துக் கதறிய பெண்ணிடமே பொய் சொல்லாத மனிதர் வேறு யாரிடம் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே பெண். கீழ்புத்துப்பட்டில் கட்டிக் கொடுத்திருந்தேன். மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறவன். 2005 சித்திரையில் அவள் கையில் நீலம் பாய்ந்து வந்து நின்றாள். அப்படி வருவது அது மூன்றாவது தடவை. "இது மூணாவது," என்று அவளிடமே சொன்னேன். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டு வாசலில், தெருவில் நின்றபடி, அவன் செய்த தவறுகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டுச் சொன்னேன். தெருவே வெளியே வந்து கேட்டது. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மாமா" என்றான். பதினொரு "சரிங்க மாமா". மகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது.

எலும்புக்காரரிடம் இதை ஒன்று விடாமல் சொன்னேன். என் கன்னத்தைப் பார்த்தபடியே கேட்டார். எல்லாம் முடிந்ததும், "நீங்க பேசறப்ப பாப்பா எங்க சார் நின்னுச்சு?" என்றார்.

எனக்கு நினைவில்லை. கதவுக்கு உள்ளே எங்கேயாவது நின்றிருப்பாள் என்றேன்.

அந்த வருடம் ஆவணியில் ஒரு நாள் பகல் பதினொன்றரை மணிக்கு, நான் ரேஷன் கடையிலிருந்து திரும்பினேன். எனக்கு முன்னால் வரிசையில் இருபத்திரண்டு பேர், அதனால் தாமதம். என் வீடு பூட்டியிருந்ததால் மகள் எலும்புக்காரர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கன்னம் வீங்கிக் கண் பாதி மூடியிருந்தது. அழுதிருக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"பம்படில தண்ணி அடிக்கறப்ப கைப்பிடி எகிறி அடிச்சிடுச்சிப்பா," என்றாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே.

"மாப்பிள்ள அடிச்சாரா?"

"பம்புதாம்பா."

நான் எலும்புக்காரரைப் பார்த்தேன். "பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

அவர் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து பார்த்தார். ஒன்று. முன்னால் வந்து கண்குழி விளிம்பில் கட்டைவிரலை ஓட்டிக் காதுவரை கொண்டுபோனார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டு. "வாயத் தெற பாப்பா," என்றார். கொஞ்சம் திறந்தாள். மூன்று. பிறகு தோள் துண்டை எடுத்தார். நுனியை முறுக்கினார். முறுக்கிய துண்டால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"எலும்புல ஒண்ணும் இல்ல சார். வெறும் வீக்கம்தான். ரெண்டு நாளு இங்கியே இருந்துட்டுப் போவட்டும்."

மூன்று என்று எனக்குத் தெரியும். நான்காவதைச் செய்யவில்லை என்பதும் தெரியும். முதல் மூன்றும் சரியாக இருந்ததால் நான்காவது தேவைப்படவில்லை போலும் என்று நினைத்தேன். உண்மையில் நினைத்தேனா, நினைக்க விரும்பினேனா என்பதை இவ்வளவு வருடம் கழித்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலும்பில் ஒன்றும் இல்லையென்றால் எதற்கு இரண்டு நாள், அங்கே போய்ச் சேர்ந்தால் பேச்சு வளராது என்று தோன்றியது. சாயங்காலம் நானே பஸ் ஏற்றிவிட்டேன். அவள் கம்பியைப் பிடித்து ஏறினாள். படிகள் மூன்று.

தை பிறந்து அவள் ஒரு பையோடு வந்தாள். திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. மாசியில் அவளுக்கு இடது பக்க மேல்பல் ஒன்று தானாக உடைந்து சோற்றோடு கையில் வந்தது. உள்ளே முழுக்கச் சொத்தை. வலித்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்றேன். வலிக்கவே இல்லை என்றாள்.

புதுச்சேரியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். சின்ன வயசுப் பெண். இடது பக்க மேல்பற்களைக் கரண்டி மாதிரி ஒன்றால் தட்டித் தட்டி, "தெரியுதா? இங்க?" என்று கேட்டார். மகள் இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். வந்ததும் வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பழைய உடைசல்ங்க. கன்ன எலும்பு உள்ள இறங்கி, அப்படியே கூடியிருக்குது. முக்காலி மாதிரி மூணு இடத்துல விட்டிருக்கு."

"நாலு," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"அடிபட்ட பத்து பதினஞ்சு நாளுக்குள்ள வந்திருந்தா, சின்ன ஆபரேஷன்ல தூக்கி நிறுத்தியிருக்கலாம். நரம்பும் கொஞ்சம் பொழச்சிருக்கும். இப்போ சரி பண்ணணும்னா மறுபடியும் உடைச்சுத்தான் வைக்கணும்."

"மறுபடியும் ஒடைக்கணுமா?" என்றாள் மகள். சிரித்தாள். வலது பக்கம் மட்டும் சரியாக மேலே ஏறியது. "வேணாம் டாக்டர்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, என்னைப் பார்க்காமல், எதிரே போகிற வண்டிகளைப் பார்த்துச் சொன்னாள். "பம்பு இல்லப்பா. அவருதான்."

மரக்காணத்தில் இறங்கி அவளை வீட்டில் விட்டுவிட்டு, இருநூற்றுப் பதினான்கு அடியை நடந்தேன். எலும்புக்காரர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எக்ஸ்ரே உறையை அவர் மடியில் போட்டேன். வெளியே எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்க்கவில்லை.

"மூணுதான் பண்ணீங்க," என்றேன்.

"ஆமா சார்."

"நாலாவத ஏன் பண்ணல?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே பண்ணிட்டேன் சார். கண்ணுக்குக் கீழ, மூக்கோரம், ஒதடு. மூணு எடத்துலயும் துண்டு பட்டது பாப்பாவுக்குத் தெரியல."

கீரைக் காம்பு ஒன்று அவர் விரலில் இருந்தது. அதை ஆயவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"அப்புறம் ஏன்யா எங்கிட்ட பொய் சொன்ன?" அவரை ஒருமையில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"பாப்பா கையெடுத்துக் கும்புட்டுச்சு சார். 'அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுபடியும் வந்து தெருவுல நின்னு எண்ணுவாரு பெரிப்பா. எண்ணி முடிச்சிட்டு அஞ்சு மணி பஸ்ஸப் புடிச்சிடுவாரு. நான் அந்த வூட்டுக்குள்ளதான இருக்கணும்'னுச்சு. போன தபா நீங்க எண்ணிட்டு வந்தீங்களே, அன்னிக்குப் பாப்பாவுக்கு வுழுந்தது உங்களுக்குத் தெரியாது."

"குப்பத்துல அந்தப் பொம்பள கால்ல வுழுந்து கேட்டுச்சே. அதுங்கிட்ட மட்டும் உண்மையச் சொன்னீங்களே."

"அது செத்தவர் எலும்பு சார். நான் உண்மையச் சொன்னதுக்காக அவருக்கு இன்னொரு அடி வுழாது."

ஊருக்கே உண்மை சொன்னவர், என் வீட்டு விஷயத்தில், என் முகத்துக்கு நேரே, என் பெண்ணோடு சேர்ந்துகொண்டு என்னை ஏமாற்றினார். இரண்டு பேருமே நான் நம்பிய ஆட்கள். எனக்கு இருந்ததே அந்த இரண்டு பேர்தான். இதைத்தான் அவரிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

அவர் எக்ஸ்ரேயை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார்.

"நீங்க எண்ணிக்கினுதான சார் இருந்தீங்க. மூணோட நிறுத்துனேன். துண்டக் கூட முறுக்கினேன். நாலாவது எங்கேன்னு ஒரு வார்த்த நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கேட்டிருந்தா, பாப்பா கும்புட்டதயும் பாக்காம பண்ணியிருப்பேன்."

திரும்பி நடந்தேன். அடிகளை எண்ணவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஐந்து வருடம் இருந்தார். டீக்கடையில் என்னைப் பார்த்தால் எழுந்து நின்றுகொள்வார். நான் பார்க்காதது போலக் கடந்து போய்விடுவேன். அவர் இறந்த அன்றும் நான் போகவில்லை. மகள் போனாள். உடம்பு முடியாதவர்கள்கூடப் போனார்கள். எங்கள் வாசலைத் தாண்டி நூற்று நாற்பது பேர் போனதை உள்ளே இருந்தபடி எண்ணினேன். அந்தக் கண்ணாடிக் கூடு யார் கைக்குப் போயிற்று என்று தெரியவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை. அவர் செய்தது துரோகம்தான். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மகள் என்னோடுதான் இருக்கிறாள். பால்வாடியில் சமைக்கிறாள். இடது கன்னம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். தெரிந்தவர்கள் பார்த்தால்தான் தெரியும். பகலில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் மேலுதட்டின் இடது ஓரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அது தெரியாது. ஒட்டியதை வைத்துக்கொண்டே ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். நான் அவள் கண்ணைப் பார்க்காமல், அதற்குக் கீழேயே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"இன்னாப்பா?" என்பாள்.

என் உதட்டைத் தொட்டுக் காட்டுவேன். துடைத்துக்கொள்வாள். இன்றைக்கு இரண்டு தடவை. ஒரு தடவை தவறான பக்கத்தைத் துடைத்தாள்.